இங்கிலாந்துப் பள்ளியில் நன்கொடை கேட்டால்: கடலூர், புதுச்சேரிப் பெற்றோருக்கு

புதுச்சேரியிலிருந்து லெஸ்டருக்குக் குடிபோன தங்கை ஒருவர் கேட்டிருந்தார்: "பள்ளியில் அகதிகளுக்கு உதவும் அமைப்புக்குப் பணம் திரட்டுகிறார்கள். இதில் அரசியல் இருக்கிறதே அண்ணா, கொடுக்காவிட்டால் பிள்ளையை ஒருமாதிரி பார்ப்பார்களா?"

பயமே வேண்டாம். நம் ஊரில் டிசம்பர் 7 கொடி நாளுக்குப் பள்ளியில் காசு வாங்குவார்களே, அதுபோலத்தான். அங்கே பணம் திரட்டும் நாளில் சீருடைக்குப் பதில் கலர் டிரஸ், ஒரு பவுண்டு. விருப்பம் இருந்தால் கொடுக்கலாம்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸில் 1996 கல்விச் சட்டத்தின் 406, 407 பிரிவுகள்படி, பள்ளி ஒருதலையான அரசியல் கருத்தைப் பரப்பக் கூடாது. அரசியல் விஷயம் வந்தால் எதிர்த்தரப்பையும் நடுநிலையாகச் சொல்ல வேண்டும். அதற்காகத் தொண்டு அமைப்புகளின் பக்கமே போகக் கூடாது என்று அர்த்தமில்லை.

சர்ச்சை என்றதும் பள்ளி ஒதுங்குவதை நான் ஏற்கமாட்டேன். ஆர்.என்.எல்.ஐ. (RNLI) 1824 முதல் கடலில் தத்தளிப்பவர்களைப் படகில் போய் மீட்டுவரும் பிரிட்டன் தொண்டு அமைப்பு. 2021இல் ஆங்கிலக் கால்வாயில் சிறு படகுகளில் வந்தவர்களைக் காப்பாற்றியதற்காக அதையே சிலர் திட்டினார்கள். 2004 சுனாமியில் தேவனாம்பட்டினம் பட்ட பாட்டைப் பார்த்த நமக்கு, கடலில் கிடப்பவரிடம் பாஸ்போர்ட் கேட்கத் தோன்றுமா? அந்த மீட்புப் படகுக்குப் பிள்ளைகள் உண்டியல் குலுக்கட்டும்.

ஆனால் மீட்பு வேலைக்குக் காசு கொடுப்பது வேறு, குடியேற்றச் சட்டத்தை மாற்றச் சொல்லிப் பிள்ளை கையில் அட்டையைக் கொடுத்து நிறுத்துவது வேறு. இரண்டாவதைப் பள்ளி செய்யக் கூடாது, நமக்குப் பிடித்த கோரிக்கையாக இருந்தாலும்கூட. கீழ்ப்புத்துப்பட்டு ஈழ அகதிகள் முகாமைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஈழத்துக்காகக் குரல் கொடுக்கும் அமைப்பைப் பள்ளி மேடையேற்றினால் நமக்கு மனம் குளிரும். அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் சிங்களப் பிள்ளை அன்றைக்கு எங்கே பார்க்கும்? வீட்டு அரசியலை எந்தப் பிள்ளையும் வகுப்பில் சுமக்க வேண்டியதில்லை.

சரி, இப்போது என்ன செய்வது? அமைப்பின் பதிவு எண்ணைக் கேட்டு, தொண்டு அமைப்புகளைப் பதிவுசெய்து கண்காணிக்கும் சாரிட்டி கமிஷன் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். வரவு செலவு, நோக்கம் எல்லாம் தெரியும். அப்புறம் வகுப்பு ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல்: "பணம் எதற்குப் போகிறது? பிள்ளைகளுக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்? விரும்பாதவர் விலகலாமா?" பதில் திருப்தியாக இல்லையென்றால் தலைமை ஆசிரியருக்கு எழுதுங்கள். புதிதாக வந்தவர்கள் என்று தயங்காதீர்கள். அங்கே பெற்றோர் கேள்வி கேட்பது தினமும் நடப்பதுதான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.