மிளகாயில் பூ கொட்டுகிறது, பிளானோஃபிக்ஸ் அடிக்கலாமா?

கரிசல்காடு:
மிளகாய் நட்டு இரண்டு மாதம் ஆகிறது, செடி நல்ல பச்சையாக இருக்கிறது, பூவும் நிறைய வைக்கிறது, ஆனால் காம்பு மஞ்சளாகி அப்படியே உதிர்ந்துவிடுகிறது. கடையில் பிளானோஃபிக்ஸ் அடிக்கச் சொல்கிறார்கள். அது உரமா, மருந்தா?

வயல்வெளி:
இரண்டும் இல்லை, வளர்ச்சி ஊக்கி. அதில் இருக்கும் என்ஏஏ (நாப்தலீன் அசிட்டிக் அமிலம்), செடி தானே சுரக்கும் ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஹார்மோனைப் போல வேலை செய்யும். பூவிலிருந்து ஆக்ஸின் இறங்கிக்கொண்டிருக்கும் வரை காம்பின் அடி பிடி விடாது. கடும் வெயிலோ தண்ணீர்த் தட்டுப்பாடோ வந்தால் ஆக்ஸின் குறைந்து, பூவை உதிரவைக்கும் எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் கூடும், அப்புறம் அந்த இடத்தில் செல்களை ஒட்டவைக்கும் பசை கரைந்து பூ விழுந்துவிடும். 4.5 சதவீதக் கரைசல் என்றால் 4.5 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி போதும், 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) வரும். சாயங்காலம் அடியுங்கள்.

கொய்யாத்தோப்பு:
தயவுசெய்து அளவைக் கூட்டாதீர்கள். அதிகமானால் செடியே எத்திலீனைக் கூடுதலாகச் சுரக்கும், பூ இன்னும் கொட்டும். ஆப்பிள் தோட்டங்களில் பிஞ்சைக் குறைக்க அடிப்பதும் இதே என்ஏஏதான்!

கரிசல்காடு:
சரி, நாளைக்கே அடிக்கட்டுமா?

வயல்வெளி:
முதலில் கொழுந்தைப் பாருங்கள். இலை மேல்பக்கமாகச் சுருண்டிருந்தால் இலைப்பேன், அதற்கு ஆக்ஸின் உதவாது. தழைச்சத்து அதிகம் போட்டிருந்தால் அதை நிறுத்துங்கள்.