ட்ரூயிட் வட்டத்தில் சைவமும் அசைவமும்: சிக்கல் கோப்பையில்தான்

ட்ரூயிட்டுகள் பழங்கால கெல்ட் மக்களின் பூசாரிகள். அவர்கள் பெயரில் இன்று புதுப்பிக்கப்பட்டிருக்கும் ட்ரூயிட் நெறியில் இறைச்சிக்குத் தடையும் இல்லை, கட்டாயமும் இல்லை. 1964-இல் பார்டுகள், ஓவேட்டுகள், ட்ரூயிட்டுகள் சபையைத் தொடங்கிய ராஸ் நிக்கோல்ஸ் சைவர்தான். அதற்காகப் பழைய ட்ரூயிட்டுகளும் சைவம் என்று கிளம்பிவிட வேண்டாம். மரத்தில் ஒட்டி வளரும் மிசில்டோ செடியை அறுக்கும் சடங்கில் இரண்டு வெள்ளைக் காளைகளைப் பலியிட்டார்கள் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. பிரிட்டன்காரர்கள் முயல், கோழி, பெருவாத்து (goose) தின்னமாட்டார்கள் என்று எழுதிய ரோமானியத் தளபதி சீசரே, உள்நாட்டவர் பாலும் இறைச்சியும் உண்டு வாழ்வதாகவும் எழுதியிருக்கிறார்.

---

விருந்தில் அவரவர் தட்டு அவரவருக்கு, தகராறு இல்லை. சடங்கு வட்டத்தில் கைமாறும் ரொட்டியும் மீடும் (தேனைப் புளிக்கவைத்த மது)தான் பிரச்சினை. நாலரை லிட்டர் மீடுக்கு ஒன்றரை கிலோ தேன் போகும், பால், முட்டை, தேன் என விலங்கிலிருந்து வரும் எதையும் உண்ணாத வீகன் தொடமாட்டார். சைவர் குடிப்பார், ஆனால் தெளியவைக்க மீனின் காற்றுப்பையோ ஜெலட்டினோ சேர்த்திருந்தால் அவருக்கும் ஆகாது. வீட்டில் செய்தால் பென்டோனைட் களிமண் போடுங்கள், அல்லது சில மாதம் அசையாமல் விடுங்கள், தானே தெளியும். கூடவே ஆப்பிள் சாறு ஒரு கோப்பை. அதையும் மாட்டுக்கொம்பில் ஊற்றி நீட்டுகிறார்கள், என்ன சொல்ல! மரக் கோப்பையோ மண் கோப்பையோ போதும். ரொட்டியில் பால், வெண்ணெய், மேலே தடவிய முட்டை உண்டா என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். சடங்கு நடக்கும்போது யாரும் வாய்திறந்து கேட்கமாட்டார்கள். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தில் சங்கிராந்தி (ஆண்டின் மிக நீண்ட அல்லது மிகக் குறுகிய பகல் நாள்) கூடுகை என்றால் அங்கே மதுவுக்கே தடை, சாறு மட்டும்தான்.

---

படையலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐசக் போன்விட்ஸ் 1983-இல் தொடங்கிய ஏடிஎஃப் என்ற அமெரிக்க ட்ரூயிட் அமைப்பின் சடங்குகளில் ரத்தப் பலி கிடையாது. நெருப்பில் எண்ணெய், நெய், விஸ்கி விடுவார்கள். வெண்ணெயை அப்படியே போட்டால் அதிலுள்ள நீர் வெடித்துத் தெறிக்கும். உருக்கிய நெய்யை நீண்ட கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். விஸ்கியைப் பாட்டிலோடு சாய்க்கவே கூடாது, தீ பாட்டிலுக்குள் ஏறும். சிறு கிண்ணத்தில் அளந்து வீசுங்கள்.

மரத்தடியில் இறைச்சி வைத்தால் எலி வரும். திராட்சை வற்றலும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம். கடைத் தேனை வெளியில் ஊற்றாதீர்கள், அதில் இருக்கக்கூடிய ஃபவுல்புரூட் என்ற தேனீ நோயின் வித்துக்கள் பக்கத்துத் தேன்கூடுகளை அழிக்கும். அக்டோபர் 31 அன்று முன்னோரை நினைக்கும் சௌவின் (Samhain) பண்டிகை இரவில் முன்னோருக்கு வைக்கும் தட்டில்தான் சண்டை வரும்: தாத்தா பன்றிக்கறி பிரியர், வீட்டுக்காரர் வீகன். கறித் தட்டை மேசையின் கோடியில் தனியாக, தனிக் கரண்டியோடு வையுங்கள். காலையில் மூடிய தொட்டியில் போடுங்கள்.