மலைக்குத் திரும்பும் நாளில் அப்பா கொடுத்த மோர்

எங்கள் அப்பா மதுரையில், மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் தையல்காரராக இருந்தார். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மலையிலிருந்து வைகை ஆற்றுக்கு வருகிற நாள் நெருங்கினால், அப்போதெல்லாம் அங்கே மெஷின்கள் ராத்திரி பகலாக ஓடும். அழகருக்குத் திரி எடுத்து ஆடுகிறவர்கள், தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், கருப்பசாமி வேஷம் கட்டுகிறவர்கள் என்று எல்லாரும் உடுப்புக்கு அங்கேதான் வருவார்கள். வருஷத்தில் அப்பா நாலு காசு பார்த்தது அந்த ஒரு மாதம்தான். அந்தக் கூலியில் ஒரு பங்கை ஹார்லிக்ஸ் பாட்டிலில் தனியாகப் போட்டு வைப்பார். அதில் வீட்டுச் செலவுக்கு ஒரு ரூபாய்கூட எடுக்க மாட்டார். "அழகரால வந்த காசு, அழகரைப் பார்க்க வர்ற ஆளுகளுக்குப் போகட்டும்" என்பார்.

அது நீர்மோர்ப் பந்தலுக்கான காசு. எங்கள் வீடு கடச்சனேந்தலில், அழகர்கோயில் சாலையை ஒட்டி. தங்கப் பல்லக்கில் கள்ளர் கோலத்தில் வரும் அழகரை மதுரைச் சனம் எதிர்கொண்டு வரவேற்கிற மூன்றுமாவடி எதிர்சேவைக்கு அவர் போகிற வழி. முந்தின நாளே மண்பானைகளை ஈர மணலில் பதித்து வைப்பார். இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலையை அம்மா உரலில் இடித்துத் தருவார். பெருங்காயமும் உப்பும் அப்பா கைப் பக்குவம். ஐஸ் மட்டும் சேர்க்க விடமாட்டார், நடந்து வந்த சூட்டில் குடித்தால் தொண்டை கட்டும் என்று. எல்லாம் எவர்சில்வர் டம்ளர்தான். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் டம்ளருக்குத் தடை வந்தது. அந்தச் சித்திரையில் மற்ற பந்தல்காரர்கள் பேப்பர் கப்புக்கு அலைந்தபோது அப்பாவுக்கு அந்தக் கவலையே இல்லை. அதுதான் அவர் போட்ட கடைசிப் பந்தல்.

2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் அழகர் ஆற்றுக்கு வரவில்லை. 2021 ஆவணியில் அப்பா தவறிவிட்டார். 2022 சித்திரையில் அழகர் மறுபடி மலையிலிருந்து இறங்கினார். எனக்குப் பந்தல் போட வேண்டும் என்று ஒரே தவிப்பு. பெரியப்பா, "வருஷம் திரும்பலையேப்பா, கோயில் காரியம் எப்படிச் செய்வ?" என்றார். அம்மாதான் பதில் சொன்னார்: "அவன் சாமிக்கா செய்யப் போறான்? நடந்து வர்றவுகளுக்குத் தண்ணி கொடுக்கப் போறான். செய்யட்டும்."

பெரிதாகவே செய்தேன். ஷாமியானா, அப்பா படம் போட்ட பிளெக்ஸ், கீழே 'நினைவாக' என்று அவர் பெயர். மோரோடு தர்பூசணி, தக்காளி சாதப் பொட்டலம். டம்ளர் கழுவ ஆள் இல்லாததால் பேப்பர் கப். இரண்டு வருஷம் பார்க்காத ஏக்கத்தில் சனம் அலை அலையாக வந்தது. பானைகள் காலியாகக் காலியாக எனக்கு நிறைவாக இருந்தது. அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் பந்தலைப் பிரித்து, வாடகைச் சாமான்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அழகர் மலைக்குத் திரும்புகிற நாள் வந்தது. போகும்போது இருக்கிற கூட்டம் வரும்போது இருக்காது. சாலையோரப் பந்தல்களும் முக்கால்வாசி பிரிந்துவிடும். வாசலில் ஒரு பாட்டி வந்து நின்றார். தலையில் துணி மூட்டை, கையில் அழகருக்குச் சர்க்கரை எடுத்துப்போன கிண்ணம், காலியாக.

"தம்பி, இங்கன திரும்புகால்ல மோர் ஊத்துவாரே ஒரு டெய்லர் அய்யா, எங்கிட்டு?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. உள்ளே வரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அப்பா இல்லை என்றதும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷம் திரும்புகிற வழியில் அவர் பேரனுக்குக் காய்ச்சல் கொதித்ததாம். அப்பா பந்தலை அப்படியே போட்டுவிட்டு, இரண்டு பேரையும் டிவிஎஸ் 50-ல் அப்பன்திருப்பதிக்குக் கூட்டிப்போய் மருந்து வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். வீட்டில் இதை அவர் சொன்னதே இல்லை. "போறப்ப எல்லாரும்தான் குடுக்குறாக. வர்றப்ப கையில காசும் இருக்காது, கால்ல தெம்பும் இருக்காது. அவருதான் நிப்பாரு" என்றார் பாட்டி.

திரும்புகிற நாளில் அப்பா வாசலில் ஒரு பானையோடு உட்கார்ந்திருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். மிச்ச மோரைத் தீர்க்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பானைக்கு அவர் புதிதாகத் தயிர் வாங்கினார் என்பதை அன்றைக்குத்தான் அம்மா சொன்னார். அவர் கொடுத்ததில் பெரிய பங்கு எது என்றே தெரியாமல் பிளெக்ஸ் கட்டியிருக்கிறேன். இப்போது எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது.

அப்போதே ஓடிப்போய்த் தயிர் வாங்கி வந்து, அம்மா இடிக்க, ஒரு பானை கரைத்தேன். முதல் டம்ளர் பாட்டிக்கு. குடித்துவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். அப்பா கைக்கு அது சரியாக வரும்.

அதிலிருந்து போகிற நாள் பந்தலைத் தெருப் பையன்களிடம் விட்டுவிட்டேன். செலவில் ஒரு பங்கு மட்டும் கொடுக்கிறேன். திரும்புகிற நாள் என்னுடையது. அன்றைக்கு மோரோடு சுக்கும் ஏலமும் தட்டிப்போட்ட பானகம் ஒரு பானை, காய்ச்சல் தலைவலி மாத்திரை, பஸ்ஸுக்குக் காசில்லாதவர்களுக்கு என்று பத்து ரூபாய் நோட்டாக ஒரு கட்டு. உட்கார நாலு பெஞ்சும் போடுகிறோம். கால் வலிக்கிறவர்களுக்கு மோரைவிட அதுதான் பெரிய உதவி. நீங்கள் பந்தல் போடுகிறவர்களாக இருந்தால் பெஞ்சை மறக்காதீர்கள்.

போன வருஷம் டம்ளர் போதாமல் இரண்டு டஜன் வாங்கப் போனோம். பாத்திரக் கடைக்காரர் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன பேர் வெட்டணும்மா, அய்யா பேரா?" என்று கேட்டார். அம்மா பையிலிருந்து பழைய டம்ளர் ஒன்றை எடுத்துக் காட்டினார். அடியில், அப்பா அந்தக் காலத்தில் வெட்டச் சொன்ன எழுத்து பாதி தேய்ந்திருந்தது.

"அழகர்னே வெட்டுங்க" என்றார்.