சுருதி இறங்கும் மெலோட்ரான்: மோட்டாரை மாற்றுவதற்கு முன்

மெலோட்ரான் என்பது டேப்பில் பதிந்த வாத்திய ஒலிகளைக் கட்டைகளால் இயக்கி வாசிக்கும் இசைக்கருவி. நான்கைந்து கட்டைகளை ஒருசேர அழுத்தினால் சுருதி இறங்கிவிடும் எம்400 மெலோட்ரான் ஒன்றைச் சென்ற குளிர்காலத்தில் பழுதுபார்த்தேன். பர்மிங்காமுக்கு வெளியே சிறிய ஒலிப்பதிவுக்கூடம் நடத்தும் அதன் உரிமையாளர், மோட்டார் தேய்ந்துவிட்டது என்று தாமே முடிவுகட்டி, மாற்று மோட்டாருக்கு விலைகூட விசாரித்து வைத்திருந்தார். இந்தக் கருவிகளில் சுருதி பிசகினால் பழி முதலில் மோட்டார் மீதும், அதை இயக்கும் மின்னணு அட்டை மீதும்தான் விழுகிறது. நான் பார்த்தவரையில் உண்மையான காரணம் பெரும்பாலும் உராய்வுதான்.

1970இல் வெளிவந்த எம்400இல் 35 கட்டைகள் உண்டு. ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனி டேப். எட்டில் மூன்று பங்கு அங்குல அகலமுள்ள அந்த டேப்பில் மூன்று ஒலிகள் பக்கம்பக்கமாகப் பதிந்திருக்கும். கட்டையை அழுத்தும்போது அதன் கீழுள்ள பேட் என்னும் சிறு மெத்தை, டேப்பை அதன் ஒலியைப் படிக்கும் ஹெட்டின் மீது படியவைக்கிறது. பிஞ்ச் ரோலர் என்னும் சிறு உருளை அதே டேப்பை, மோட்டார் பெல்ட் வழியாகச் சுழற்றும் கேப்ஸ்டன் தண்டோடு சேர்த்து அழுத்துகிறது. டேப் வினாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஏறத்தாழ எட்டு வினாடிகள் ஓடும். விரலை எடுத்ததும் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். கருவியின் அகலம் முழுவதும் நீளும் அந்த ஒரே தண்டுதான் 35 டேப்களையும் இழுக்கிறது என்பதால், ஒரு கட்டையில் கூடும் இறுக்கம் தண்டின் வேகத்தைக் குறைத்து, அப்போது ஒலிக்கும் மற்ற எல்லாச் சுரங்களையும் சேர்த்தே இறக்கிவிடும்.

வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தாலே சுருதி சுமார் 17 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கும். ஏறத்தாழ ஆறு பங்கு குறைந்தால் முழு அரைச்சுரமே போய்விடும். அந்தக் கருவியில் தனிச் சுரம் சரியாக ஒலித்தது. பல சுரங்களை ஒருசேர ஒலிக்கும் கார்டு வாசித்தால் மட்டும் கிதாரோடு சேரவில்லை. முன்பலகையிலுள்ள சுருதித் திருகைக் கூட்டி இதைச் சமாளிக்கப் பலர் முயல்கிறார்கள். அப்படிச் செய்தால் கார்டு சேரும், தனிச் சுரம் ஏறிப்போகும். சுமைக்கேற்ப மாறும் பிழையை நிலையான ஒரு திருத்தத்தால் தீர்க்க இயலாது.

எனவே முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு தண்டிலுள்ள கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் சுழற்றிப் பார்த்தேன். நன்றாக உள்ள பேரிங்கில் அது நெடுநேரம் தானாகச் சுற்ற வேண்டும். இதுவோ சற்றே சுற்றி நின்றுவிட்டது. பழைய எண்ணெய் பசையாக இறுகியிருந்தது. அதைத் துடைத்து மெல்லிய எண்ணெய் இட்டதும் சுழற்சி சீரானது. பெல்ட்டும் பளபளத்து இறுகிப்போயிருந்தது. இது கவனிக்க வேண்டிய இடம்: வேகக் கட்டுப்பாட்டு அட்டை மோட்டாரின் சுழற்சியைக் கவனித்துத்தான் திருத்துகிறது, பெல்ட் வழுக்கும்போது மோட்டார் சரியான வேகத்திலேயே ஓடிக்கொண்டிருப்பதால், தண்டு தாமதிப்பது அட்டைக்குத் தெரியாது. எவ்வளவு விலையுயர்ந்த மோட்டாரைப் பொருத்தினாலும் இந்தக் குறை அப்படியேதான் இருக்கும்.

அதன்பிறகு எந்தக் கட்டை கூடுதல் சுமை தருகிறது என்று தேடினேன். இதற்குத் தனிக்கருவி எதுவும் தேவையில்லை, கைபேசியிலுள்ள டியூனர் செயலியே போதும். ஒரு சுரத்தை ஒலிக்கவிட்டு, அதோடு மற்றொரு கட்டையை அழுத்தும்போது முதல் சுரம் எவ்வளவு இறங்குகிறது என்று கவனிக்க வேண்டும். டியூனர் குழம்பாமல் இருக்க இரண்டாவதை மிகத் தொலைவான கட்டையாகத் தேர்ந்துகொள்வது நல்லது. பெரும்பாலான கட்டைகள் சிறிதளவே இறக்கின. நடுப்பகுதியில் சில கட்டைகள் மட்டும் பளிச்சென்று இறக்கின. ஒலி மங்கலாக இருக்கிறதே என்று முன்பு யாரோ அவற்றின் பேட்களை இறுக்கியிருக்க வேண்டும். பேட் தளர்ந்தால் உச்ச ஒலிகள் மங்கும் என்பது உண்மைதான். ஆனால் அளவுக்கு மீறி இறுக்கினால் பேட்டே பிரேக் போலச் செயல்படும். பிஞ்ச் ரோலரை மிகையாக இறுக்கினால் தண்டுக்குச் சுமை கூடும். தளர்த்தினால் டேப் வழுக்கும். பின்னதை அடையாளம் காண்பது எளிது. டேப் ஓட ஓட ஸ்பிரிங்கின் இழுப்பு கூடுவதால், சுரம் தொடக்கத்தில் சரியாக ஒலித்துக் கடைசி வினாடிகளில் தொய்ந்துவிடும்.

மின்னணு அட்டைக்குப் பழியே இல்லை என்று சொல்ல வரவில்லை. தொடக்ககாலக் கருவிகளில் இருந்த சி.எம்.சி-10 அட்டை சுமை ஏறும்போது தடுமாறும் என்பது இத்துறையில் அனைவரும் அறிந்ததே. பின்னர் வந்த எஸ்.எம்.எஸ்-2 அதைவிட எவ்வளவோ மேல். ஆயினும் பேரிங், பெல்ட், பேட், ரோலர் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் அட்டையை மாற்றுவது பணத்தை வீணாக்குவதே. இந்தக் கருவியில் பேரிங்குக்கு எண்ணெயும், புது பெல்ட்டும், சில திருகுகளைத் தளர்த்தியதுமே போதுமாக இருந்தன. மோட்டாரைத் தொடவே இல்லை.

ஒரேயொரு சுரம் மட்டும் இன்னும் சற்று நடுங்குகிறது. அதன் டேப்பைப் பக்கத்துக் கட்டைக்கு மாற்றிப் பார்த்தபோது நடுக்கமும் கூடவே சென்றது. ஆகவே அது பதிவிலேயே உள்ள வயலின் கலைஞரின் நடுக்கம், திருத்துவதற்கு எதுவுமில்லை. இனி சுருதி வைக்கும்போது கருவியை அரைமணி நேரமாவது ஓடவிட்டு, தனிச் சுரத்துக்குப் பதிலாகத் தாம் வழக்கமாக வாசிக்கும் கார்டை அழுத்தியபடியே திருகைச் சரிசெய்யுமாறு உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறேன்.