ஏற்காட்டுல திடீர் குளிர், கோழிக்குஞ்சு எல்லாம் மூலையில போய் அடையுது, என்ன பண்றதுங்க?

நாகலூர் தோட்டம்:
வணக்கம்ங்க, நமக்கு ஏற்காடு நாகலூர். சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சு ஒரு 50 கீழ சேலத்துல வாங்கியாந்து ஸ்டோர் ரூம்ல விட்டிருக்கேன், பொறிச்சு அஞ்சு நாள் ஆகுது. நல்லா ஓடியாடி தின்னுட்டு இருந்துச்சுங்க, நேத்து சாயங்காலம் தூறலோட பனிமூட்டம் எறங்குச்சு பாருங்க, அதுல இருந்து ஒரே கீச்கீச்னு கத்தல். 60 வாட் குண்டு பல்பு ஒண்ணு தொங்க விட்டிருக்கேன், அப்படியும் மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது, காலையில பாத்தா அடியில மாட்டுனது ரெண்டு மூணு செத்துக் கெடக்குது. சிலதுக்கு பின்னாடி எச்சம் ஒட்டி காஞ்சு போயிருக்கு. இதுல கரண்ட் வேற எப்ப போகும்னே தெரியல, மரம் லைன் மேல சாஞ்சா அன்னைக்கு ராத்திரி அவ்வளவுதான். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குப்பனூர் அக்கா:
தம்பி 60 வாட் பத்தவே பத்தாது. சேலத்துலயே குளிர் காலத்துல குஞ்சுக்கு 2 வாட்டுன்னு கணக்கு போடுவோம், உங்க மலைக்கு 3 வாட்டா வெச்சுக்கங்க, அப்ப 50க்கு 150 வாட் வேணும். ஒரே பெரிய பல்பா போடாம ரெண்டா போடுங்க, நடுராத்திரி ஒண்ணு ஃபியூஸ் போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும். எல்இடி போட்டுட்டு வெளிச்சம் இருக்கேன்னு இருந்துடாதீங்க, அதுல சூடு வராது. முதல் வாரம் குஞ்சு நிக்கற மட்டத்துல 35 டிகிரி இருக்கணும், அப்புறம் வாராவாரம் 3 டிகிரி கொறச்சுக்கலாம்.

மூலையே இருக்கக் கூடாது தம்பி, அதான் முதல் வேலை. அட்டை இல்ல தகரத்த ஒன்றரை அடி ஒசரத்துக்கு வட்டமா வளைச்சு நிறுத்துங்க, அப்ப போய் அடையறதுக்கு எடமே இருக்காது. தரையில நெல் உமி ரெண்டு மூணு இஞ்ச் கனத்துக்கு கொட்டுங்க, சிமெண்ட் தரையோட சில்லுதான் குஞ்சு வயித்த புடிச்சு கழிய வைக்கறது. மேல வழவழன்னு பேப்பர் விரிக்காதீங்க, கால் வழுக்கி அகண்டு போயிரும்.

செம்மடுவு பெரியவர்:
அந்தக் காலத்துல மண்சட்டியில அடுப்புக்கரி போட்டு மேல ஓட்டை போட்ட மூடி வெச்சு நடுவுல வெச்சிருவோம், விடிய விடிய கதகதன்னு இருக்கும், கரண்டே வேண்டாம். உமிக்கு பதிலா காப்பித் தொலிய கொட்டுங்க, தோட்டத்துலயே சும்மா கெடக்குதே.

ஓமலூர் பண்ணை:
ஐயா கோவிச்சுக்காதீங்க, கரிச்சட்டி அந்தக் காலத்து கூரைக் கொட்டாயில சரிப்பட்டுச்சு, நாலு பக்கமும் காத்து போக வழி இருந்துச்சு. இவரு குளிருக்கு பயந்து ஜன்னல் கதவெல்லாம் அடைச்ச ரூம்ல வெச்சா கார்பன் மோனாக்சைடு சேந்துக்கும், அதுக்கு வாசனையும் கெடையாது நிறமும் கெடையாது, குஞ்சோட சேத்து பாக்கப் போற ஆளையும் சாய்ச்சிரும். காப்பித் தொலியும் வேண்டாம், ஈரத்த இழுத்து பூஞ்சை புடிச்சா குஞ்சுக்கு மூச்சு இரைக்கும். உமி கெடைக்கலேன்னா தச்சுப் பட்டறையில மரம் இழைக்கற சீவல் கேளுங்க, மாவு மாதிரி இருக்கற அறுப்புத் தூள் மட்டும் வேண்டாம், தீவனம்னு நெனச்சு தின்னுரும்.

நாகலூர் அண்ணா, தெர்மாமீட்டர விட குஞ்சப் பாருங்க. பல்புக்கு அடியில கும்பலா குவிஞ்சு கத்துனா குளிர், பல்ப எறக்கணும். ஓரமா ஒதுங்கி வாயத் தொறந்து ரெக்கைய விரிச்சு இரைச்சா சூடு ஜாஸ்தி, ஏத்தணும். எல்லாம் ஒரே பக்கமா ஒதுங்கி நின்னா எதிர்ப்பக்கம் எங்கயோ சந்துல காத்து அடிக்குதுன்னு அர்த்தம், நீங்களே குஞ்சு மட்டத்துல கைய வெச்சுப் பாருங்க தெரிஞ்சிரும். பரவலா படுத்து தூங்கி சில எந்திரிச்சு தின்னுட்டு இருந்தா சரியா இருக்கு. ஆரம்பத்துல ஒண்ணே கால் அடி ஒசரத்துல தொங்க விடுங்க, ஒயர நம்பி விடாதீங்க, கம்பியில தனியா கட்டுங்க, உமி மேல விழுந்தா கொட்டாயே போயிரும். ஜன்னல்ல தார்ப்பாய் கட்டுனா கீழ இருந்து மேல வரைக்கும் இறுக்கி கட்டாம மேல அரை அடி விடுங்க, எச்ச நாத்தம் கண்ணுல எரியற அளவுக்கு விட்டா குளிர் தாங்குனாலும் சளி புடிச்சிரும்.

கரண்ட் போனா, வீட்டு இன்வெர்ட்டர் 150 ஏஹெச் பேட்டரியா இருந்தா இந்த பல்புங்கள அஞ்சாறு மணி நேரம் இழுக்கும். அதுவும் இல்லேன்னா குடத்துல கொதிக்கற தண்ணி ஊத்தி மூடிய இறுக்கி சாக்கு சுத்தி நடுவுல வெச்சிருங்க, கோழிக்கு அண்டுன மாதிரி சுத்தி வந்து படுத்துக்கும். மேல ஒரு பழைய போர்வைய பாதி மட்டும் மூடுங்க. மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா தண்ணி மாத்தணும், தூக்கம் போச்சுதான்.

குப்பனூர் அக்கா:
பின்னாடி ஒட்டிருக்கறத பிச்சு எடுத்துராதீங்க தோலோட வந்துரும். வெதுவெதுன்னு தண்ணியில பஞ்ச நனைச்சு ஊற வெச்சு மெதுவா துடைங்க, நல்லா காய வெச்சு துளி தேங்காண்ணெய் தடவி விடுங்க. அதுக்கு முன்னாடி கொஞ்சம் கீழ வயித்துப் பக்கம் கருப்பா சுருங்கி ஒரு பொடி மாதிரி ஒட்டிருக்கும், அது தொப்புள், அதத் தொடவே கூடாது. குடிக்கற தண்ணியும் சில்லுன்னு வைக்காதீங்க, வெதுவெதுப்பா கொஞ்சம் வெல்லம் கரைச்சு வைங்க, சோந்து கெடக்கறதோட அலக மட்டும் தண்ணியில தொட்டு விட்டா தானா குடிக்கும்.

நாகலூர் தோட்டம்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அடிவாரம் போய் 100 வாட் பல்பு ரெண்டு வாங்கியாந்து மாட்டி, பழைய தகரத்த வளைச்சு விட்டேன், ராத்திரி சத்தமே இல்ல, எழுந்து எழுந்து பாத்தது நாந்தான். இன்னைக்கு ஒண்ணும் சாகல. பெரியவர் சொன்ன கரிச்சட்டி வெக்கலீங்க ஐயா, வீட்ல விடல. ஒரு சந்தேகம், ஏழாம் நாள் கண்ணுல விடற வெள்ளைக்கழிச்சல் தடுப்பு சொட்டு மருந்த நாளைக்கு போட்டுரலாமா?

ஓமலூர் பண்ணை:
இப்ப வேண்டாம்ணா. குளிர் அடிச்சு சோந்து போன குஞ்சுக்கு மருந்தும் போட்டா தாங்காது, எல்லாம் தின்னு தெம்பா ஓடட்டும், ரெண்டு மூணு நாள் தள்ளிப் போடுங்க, ரொம்பவும் தள்ளிராதீங்க. கீழ இருந்து எடுத்துட்டுப் போறப்ப ஃபிளாஸ்க்ல ஐஸ் போட்டு கொண்டு போங்க, கலக்குனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிச்சிரணும், மிச்சத்த அடுத்த நாளைக்குன்னு ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க.