எட்டுப் பண்டிகையும் ஐயாயிரம் வருஷமா? மேபன் பிறந்தது 1974-ல்!

கல்வெட்டு:
வெள்ளிக்கிழமை ஈரநிலா இங்கே எழுதினதை அப்படியே எடுத்துப் போடுறேன்: "எங்க கவன் வருஷத்துக்கு எட்டுப் பண்டிகை கொண்டாடுது. ஐயாயிரம் வருஷமா கெல்ட் மக்கள் விடாம கொண்டாடி வந்த அதே எட்டு." கெல்ட்னா அயர்லாந்து, வேல்ஸ் பக்கத்துப் பழைய மக்கள். கவன்னா விக்காங்கிற நவீன இயற்கை வழிபாட்டுச் சமயத்துல பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வழிபடுற சின்னக் குழு. அது இருக்கட்டும். எத்தனையோ பேர் இதுக்கு விருப்பம் போட்டீங்க, ஒருத்தராவது ஆதாரம் கேட்டீங்களா?

எட்டுல ஒண்ணு செப்டம்பர்ல பகலும் இரவும் சமமா வர்ற நாள். அதுக்கு 'மேபன்'னு பேர் வெச்சவர் கலிபோர்னியாக்காரர் ஏடன் கெல்லி. வருஷம் 1974. அதுக்கு முன்னாடி அந்தப் பண்டிகைக்கு அந்தப் பேரை யாராவது சொன்னதா ஒரே ஒரு வரி காட்டுங்க. நான் இந்த இழையையே அழிச்சிடுறேன்.

ஈரநிலா:
வந்துட்டீங்களா. போன வருஷம் ஹாலோவீன் இழையிலயும் இதே மாதிரிதான் வந்தீங்க.

பிள்ளைக்குப் பேர் வெச்ச அன்னைக்கா பிள்ளை பிறக்குது? பேர் 1974-ஆ இருக்கட்டும், நாள் சூரியனோடது. அயர்லாந்துல நியூகிரேஞ்ச் கல்மேட்டைப் பாருங்க. ஐயாயிரம் வருஷத்துக்கு மேல பழசு. டிசம்பர்ல பகல் ரொம்பக் குறுகுற நாட்கள்ல காலைச் சூரியன் வாசலுக்கு மேல இருக்கிற சின்னத் திறப்பு வழியா நுழைஞ்சு, உள்ளறை வரைக்கும் ஒளிக்கோடு போடுது. 1967 டிசம்பர் 21 அன்னைக்கு ஓ'கெல்லிங்கிற தொல்லியல் பேராசிரியர் உள்ளே உட்கார்ந்து கண்ணால பார்த்தார். இதுவும் கலிபோர்னியாவுல செஞ்சதா?

கல்வெட்டு:
நான் செப்டம்பரைக் கேட்டேன், நீங்க டிசம்பரைக் காட்டுறீங்க. நியூகிரேஞ்ச் கட்டினவங்க கெல்ட் மொழி அந்தப் பக்கம் வர்றதுக்கு ரொம்ப முந்தினவங்க. அந்தக் கல்மேடு ஒரு நாளைக் காட்டுது. நான் கேட்டது எட்டு.

அயர்லாந்தோட இடைக்கால ஏடுகள்ல நாலு இருக்கு, மறுக்கலை. சாம்ஹெய்ன், இம்போல்க், பெல்டேன், லூனசா. நவம்பர், பிப்ரவரி, மே, ஆகஸ்ட் மாசங்களோட தொடக்கம். பெல்டேனுக்கு ரெண்டு தீ மூட்டி நடுவுல மாடுகளை ஓட்டின செய்தி சுமார் 900-ஆம் ஆண்டைச் சேர்ந்த கோர்மக் சொற்பொருள் ஏட்டுலயே வருது. மேபனுக்கு அந்த மாதிரி ஒரு வரி? இல்லை. மேபன் வேல்ஸ் நாட்டுக் கதையில வர்ற ஒரு பையன். பிறந்து மூணாம் நாள் ராத்திரி தாய்கிட்டேர்ந்து திருடப்பட்டவன், குளோஸ்டர் ஊர்ல சிறையில கிடந்தவன், ஆர்தர் ராஜாவோட ஆளுங்க சால்மன் மீன் முதுகுல ஏறிப் போய்க் கண்டுபிடிச்சவன். அந்தக் கதையில அறுவடையும் இல்லை, செப்டம்பரும் இல்லை.

ஈரநிலா:
முதல்ல அதை 'சௌவின்'னு சொல்லணும். சாம்ஹெய்ன் இல்லை. ஐரிஷ் ஏட்டை எல்லாம் மேற்கோள் காட்டுறவருக்கு இது தெரியாதா?

சுண்டெலி:
அப்படின்னா 'கவன்'னு எழுதுறதும் தப்பாச்சே? என்கூட வேலை பார்க்கிற ஸ்காட்லாந்துக்காரர் 'கோவன்'னுதான் சொல்றார்.

ஈரநிலா:
உங்க ஸ்காட்லாந்துக்காரர் எந்தக் கவன்ல இருக்கார்? இங்கிலாந்துல லீட்ஸ் பக்கம் ஆறு வருஷமா இருக்கேன். எங்க குழுவுல யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

கல்வெட்டு:
உச்சரிப்பைப் பிறகு பார்க்கலாம். மேபன். 1974. பதில்?

யாழ்ப்பறவை:
இதுக்குள்ள இலங்கைக் கதையொண்டு இருக்கு, ஒருத்தரும் சொல்ல மாட்டியளோ? விக்காவை உலகத்துக்குக் காட்டின ஜெரால்ட் கார்ட்னர் 1900-இல இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில வேலை பழகினவர். அப்ப அவருக்குப் பதினாறு வயசு. ஃப்ரீமேசன் எண்ட இரகசியச் சங்கத்தில சேர்ந்ததும் கொழும்பிலதான். பிறகு போர்னியோ, மலாயா எண்டு போய் சுங்க அதிகாரியா இருந்து 1936-இல ஓய்வெடுத்தவர். எங்கட மலைநாட்டுச் சனம் ஆடின ஆட்டத்தையும் அடிச்ச பறையையும் பார்க்காமலோ இந்த வட்டம், இந்தச் சடங்கெல்லாம் அவருக்கு வந்தது?

கல்வெட்டு:
யாழ்ப்பறவை, கார்ட்னர் இலங்கையில இருந்தது உண்மை. மலாய் கிரிஸ் கத்தியைப் பத்திப் புத்தகமே போட்டவர், அதுவும் உண்மை. அவங்க சடங்குல கத்திக்கு இருக்கிற பெரிய இடத்துக்கு அந்த ஆசையும் ஒரு காரணம்னு சொன்னா காது கொடுத்துக் கேட்பேன். தோட்டத் தொழிலாளர் பறையைப் பார்த்துத்தான் விக்கா வந்ததுன்னா அதுக்கு ஆதாரம் வேணும். ஈரநிலாகிட்ட கேட்கிற அதே கேள்விதான் உங்ககிட்டயும்.

யாழ்ப்பறவை:
வெள்ளைக்காரன் எழுதி வச்சாத்தான் உங்களுக்கு ஆதாரம். எங்கட சனம் கூலியாப் போனதெண்டபடியா அவையின்ர பெயரை ஒருத்தரும் எழுதேல்லை. அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?

மெல்பர்ன் மாறன்:
நீங்க எல்லாரும் வடக்குலயே நின்னு பேசுறீங்க. இங்கே அக்டோபர் 31 வசந்தம். நான் பார்த்த குழுக்கள்ல பலரும் அன்னைக்குப் பெல்டேன் கொண்டாடுறாங்க. இறந்தவங்களை நினைக்கிற சௌவின் ஏப்ரல் கடைசியில வருது. மேபன் மார்ச்ல. எட்டுப் பண்டிகைச் சக்கரத்தையே ஆறு மாசம் திருப்பி வெச்சுக்கிறாங்க. தேதியா முக்கியம்? பருவம்தானே முக்கியம்?

கல்வெட்டு:
நன்றி மாறன். சக்கரத்தை ஆறு மாசம் திருப்பலாம், யாரும் தடுக்கலை. திருப்புறவங்க "ஐயாயிரம் வருஷமா மாறாம"ன்னு சொல்ல முடியாது.

மெல்பர்ன் மாறன்:
நான் உங்க பக்கம் பேச வரலை.

ஈரநிலா:
கல்வெட்டு சார், 'மாறாம'ன்னு நான் எழுதவே இல்லை. 'விடாம'ன்னு எழுதினேன். மேல நீங்க போட்ட மேற்கோளையே திரும்பப் படிங்க.

இங்கே ஒருத்தருக்காவது அங்கே என்ன நடக்குதுன்னு தெரியுமா? சொல்றேன். போன சௌவின் ஒருத்தர் வீட்டுக் கூடத்துல நடந்தது. சோபாவைச் சுவரோரம் தள்ளிட்டு, கம்பளத்துல ஒன்பது அடி வட்டம் கயிறு பிடிச்சு அளந்தோம். கிழக்கு எதுன்னு போன்ல திசைகாட்டி பார்த்தோம். கிழக்கு காற்று, தெற்கு தீ, மேற்கு நீர், வடக்கு மண். ஒவ்வொரு பக்கமும் ஒரு மெழுகுவர்த்தி. உப்பும் தண்ணியும் கலந்து தெளிச்சோம். தூபப் புகையில அலாரம் அலறக் கூடாதுன்னு ஜன்னலைத் திறந்தோம். அந்தக் காத்துல மேற்கு விளக்கு ரெண்டு தடவை அணைஞ்சுது. ரெண்டு தடவையும் யாரும் சிரிக்கலை, ஏத்திட்டுத் தொடர்ந்தோம்.

ஒரு நாற்காலியைக் காலியா விட்டு, முன்னாடி ஒரு தட்டுல ரொட்டியும் ஆப்பிளும் வெச்சோம். போனவங்க பேரை ஒவ்வொருத்தரா சொன்னாங்க. என் முறை வந்தப்போ எங்க அப்பாயி பேரைச் சொன்னேன். சிவகாமி. பதினோரு ஆங்கிலேயர்கள் அந்தப் பேரை மெதுவா, தப்பில்லாம சொல்லப் பழகி, மூணு தடவை சேர்ந்து சொன்னாங்க. அப்பாயி செத்தப்போ விசா சிக்கல்ல நான் ஊருக்குப் போக முடியலை. அந்த ராத்திரிதான் நான் அழுதேன். அப்புறம் கோப்பை சுத்தி வந்தது. வண்டி ஓட்டணும்கிறதால எனக்கு ஆப்பிள் சாறு.

இப்போ சொல்லுங்க, இதுல 1974 எங்கே வருது?

சுண்டெலி:
உள்ளே நடக்கிறதை வெளியில சொல்லக் கூடாதுன்னு தீட்சை வாங்கும்போது சத்தியம் வாங்குவாங்களாமே? நீங்க எல்லாத்தையும் எழுதிட்டீங்க?

ஈரநிலா:
சத்தியம் எதுக்கு வாங்கினேன்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. வட்டமும் நாலு திசையும் புத்தகக் கடையில கிடைக்கிற செய்தி. பிரிட்டன்ல மந்திரவாதத்துக்கு எதிரான சட்டம் 1951-ல நீங்கினதுக்கு அப்புறம் வெளிப்படையா அச்சுல வந்தாச்சு. அதுக்கு மேல நான் ஒரு சொல்லும் எழுதலை. முழுநிலா அன்னைக்கு எஸ்பட்ங்கிற கூடல்ல என்ன செய்யறோம்னு எழுதினேனா? இல்லையே?

கல்வெட்டு:
உங்க அப்பாயி பேரை அவங்க சொன்னதை நான் மதிக்கிறேன். உங்க துக்கத்தை நான் கேள்வி கேட்கலை. துக்கத்தை முன்னாடி வெச்சுக் கேள்வியை மூடாதீங்க. நீங்க சொன்னது சாம்ஹெய்ன். அது பழசுன்னு நானே மேல எழுதியிருக்கேன். கேள்வி எட்டு. கேள்வி மேபன்.

1954-ல கார்ட்னர் போட்ட 'விட்ச்கிராஃப்ட் டுடே' புத்தகத்துல பெரிய கூடல் நாலுதான். 1958-ல ஹெர்ட்போர்ட்ஷயர்ல பிரிக்கெட் வுட் குழுவினர்தான் சூரியன் நாட்கள் நாலையும் (பகலிரவு சமமா வர்ற ரெண்டு, பகல் ரொம்ப நீளுற ஒண்ணு, ரொம்பக் குறுகுற ஒண்ணு) அந்த நாலோட சமமா வைக்கணும்னு கேட்டு வாங்கினாங்க. உங்க எட்டாரச் சக்கரம் அப்போதான் உருண்டது. அந்தக் குழுவோட பேர்பெற்ற பூசாரி டொரீன் வாலியன்டே 1953-ல தீட்சை வாங்கினவங்க. அந்த வருஷ டிசம்பர்ல வர்ற யூல் சடங்குக்கு கார்ட்னர் கேட்டதும் அவங்க பாட்டு எழுதிக் கொடுத்தாங்க. அது அடுத்த வருஷமே புத்தகத்துல வழிவழியா வந்த பாட்டு மாதிரி அச்சாச்சு. டொரீனே பிற்காலத்துல இதைச் சொல்லியிருக்காங்க. உங்க சமயத்தோட தாய் அவங்க. அவங்களுக்கு இருந்த நேர்மை உங்களுக்கு ஏன் இல்லை?

ஜூன்ல பகல் ரொம்ப நீளுற நாளுக்கு லித்தா, மார்ச் சம இரவு நாளுக்கு ஒஸ்டாராங்கிற பேர்களையும் அதே கெல்லிதான் அதே சமயத்துல சேர்த்தார். அவற்றுக்காவது பீட் துறவி 725-ல எழுதின காலக்கணக்கு நூல்ல மாசப் பேர்களா ஒரு வேர் இருக்கு. மேபனுக்கு அதுவும் இல்லை.

ஈரநிலா:
'நேர்மை இல்லை'ன்னு எழுதினதை மட்டுறுத்துநர் பார்த்துட்டுத்தான் இருக்காரா? போன வருஷம் நான் இவரை 'ஏட்டுப்பூச்சி'ன்னு சொன்னதுக்கு மூணு நாள் தடை போட்டீங்க.

டொரீனை எனக்கே சொல்லிக் கொடுக்கிறீங்க. அவங்க எழுதினதாலயே அந்தப் பாட்டு எனக்குப் பெருசு. ஒரு பொம்பளை உட்கார்ந்து எழுதினா அது வேதம் ஆகாதா? 2021 கணக்கெடுப்புல இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் சுமார் 13,000 பேர் விக்கான்னு எழுதினாங்க, பேகன்னு (கிறிஸ்தவத்துக்கு முந்தின வழிபாட்டைப் பின்பற்றுறவங்க) எழுதினவங்க சுமார் 74,000. அத்தனை பேரும் முட்டாளா?

கல்வெட்டு:
முட்டாள்னு யார் சொன்னது? 13,000 பேர் இன்னைக்குக் கொண்டாடுறாங்க. நல்லாக் கொண்டாடட்டும். 'புதுசு'ன்னு சொல்லிட்டுக் கொண்டாடினா என்ன குறைஞ்சுடும்?

யாழ்ப்பறவை:
தோட்டத்துப் பறையைப் பற்றி நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரேல்லை.

மட்டுறுத்துநர்:
தனிமனிதத் தாக்குதல் வேண்டாம். 'நேர்மை' பற்றிய வரியை நீக்கியிருக்கிறேன். இலங்கை பற்றிப் பேச வேறு இழை தொடங்குங்கள்.

யாழ்ப்பறவை:
எப்பவும் எங்களைத்தான் வேற இழைக்கு அனுப்புவியள்.

கல்வெட்டு:
என் வரியை நீக்கினீங்க, சரி. "ஐயாயிரம் வருஷம்"ங்கிற வரி இன்னும் அங்கேயே இருக்கு. தப்பான செய்தியை விட்டுட்டு, அதைத் தப்புன்னு சொன்னவன் சொல்லை வெட்டுறதுதான் இந்தக் குழுவோட நடுநிலையா?

மெல்பர்ன் மாறன்:
அது அவங்க நம்பிக்கை சார்.

கல்வெட்டு:
நம்பிக்கைன்னா "நம்புறேன்"னு எழுதணும். "கெல்ட் மக்கள் கொண்டாடினாங்க"ன்னு எழுதினா அது வரலாறு. வரலாறுன்னா ஆதாரம். என் மகள் பள்ளிக்கூடக் கட்டுரைக்கு இந்தக் குழுவிலேர்ந்து அந்த வரியை எடுத்து எழுதிட்டுப் போனா. ஆசிரியர் சிவப்பு மையில சுழிச்சுக் கொடுத்திருக்கார். அதனாலதான் இத்தனை நாளா இதைக் கட்டிட்டு அழறேன்.

சுண்டெலி:
ஓ, அதுதான் சங்கதியா!

ஈரநிலா:
உங்க பொண்ணு மதிப்பெண்ணுக்காகவா என் வழிபாட்டை இத்தனை பேர் முன்னாடி கிழிக்கிறீங்க? என்கிட்ட தனியா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

நான் எழுதினதுல ஒரு எழுத்தையும் மாத்தப் போறதில்லை. வர்ற ஞாயிறு சம இரவு நாள். பிளாக்பெர்ரி பறிக்கணும், ரொட்டி பிசையணும், பன்னிரண்டு பேருக்கு. இங்கே உட்கார்ந்து உங்களுக்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை.

கல்வெட்டு:
ரொட்டி நல்லா வரட்டும். ஞாயிற்றுக்கிழமை நாலு திசையையும் அழைச்சு முடிச்சிட்டு, அந்த நாளை என்ன பேர் சொல்லி வாழ்த்துவீங்க? அதை மட்டும் எழுதிட்டுப் போங்க.

ஈரநிலா:
மேபன்னுதான். என்ன இப்போ?

கல்வெட்டு:
1974.

சுண்டெலி:
இங்கே பாருங்க, அகராதியில பார்த்தேன். 'கவன்', 'கோவன்' ரெண்டும் போட்டிருக்கு.

ஈரநிலா:
எந்த அகராதி?