பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறதா? பழைய கார்க்காரர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முட்டம் வேகன்ஆர்:
என் வண்டி 2006 வேகன் ஆர். வீடு முட்டத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரம். ஆடி மாதம் திருநெல்வேலிக்குப் போகும்போது ஆரல்வாய்மொழி தாண்டி 80-இல் பிரேக்கைத் தொட்டேன், ஸ்டீயரிங் கையில் உதறியது. முப்பந்தல் பக்கம் ஆடிக்காற்று எப்படித் தள்ளும் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். காற்றுதான் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒருநாள் விடியற்காலை, இலை அசையாத நேரம், கன்னியாகுமரி ரோட்டில் அதே உதறல். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் ஒன்றும் இல்லை.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) வளைந்துவிட்டது என்றார்கள். லேத்தில் கொடுத்து இரண்டு பக்கமும் கடைந்து, அதை அழுத்திப் பிடிக்கும் பேடும் புதுசு போட்டார்கள். 2,000 கிலோமீட்டர் நன்றாக ஓடியது, மறுபடி உதறல். சரி, டிஸ்க்கே போய்விட்டது என்று ஜோடியாகப் புதுசு மாற்றினேன். மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. வீட்டில் வண்டியை விற்றுவிடலாம் என்று பேச்சே வந்துவிட்டது.

மூன்றாவதாகத்தான் தக்கலைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அது உட்காரும் ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) முகத்தைத் தடவிப் பார்த்தார். உப்புக்காற்றில் துரு செதில் செதிலாக ஏறியிருந்தது. “இதுக்கு மேல எத்தனை புது டிஸ்க் போட்டாலும் கோணலாத்தான் உக்காரும் தம்பி” என்றார். டிஸ்க்கை அப்படியே மாட்டி, கோணலை அளக்கும் டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றினார். முள் 0.18 மில்லிமீட்டர் ஆடியது. 0.05-க்குள் வந்தால்தான் தனக்கு நிம்மதி என்றார்.

அவர் சொன்ன காரணம்தான் எனக்குக் கண்ணைத் திறந்தது. கோணலாகச் சுற்றும் டிஸ்க், பிரேக் பிடிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசிக்கொண்டே இருக்கும். நாளாக ஆக அந்த இடம் மட்டும் மெலியும். பிரேக் பிடிக்கும்போது தடித்த இடத்தில் பிடி கூடும், மெலிந்த இடத்தில் குறையும். அந்தக் கூடுதல் குறைவுதான் கையில் உதறலாக வருகிறது. முடியளவு வித்தியாசம்கூட வேண்டாம். புது டிஸ்க் முதல் நாள் நன்றாக இருந்து, சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ஏன் கெட்டது என்பது அப்போதுதான் விளங்கியது. மெலிய அவ்வளவு நாள் ஆகிறது, அவ்வளவுதான்.

கம்பி பிரஷ், எமரித்தாள், அரைமணி நேர வேலை. டிஸ்க்கை மட்டும் இன்னொரு தடவை லேசாகக் கடைந்தார்கள். வீல் நட்டுகளை எதிரெதிராக, முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து 85 நியூட்டன் மீட்டரில் முடுக்கினார். முன்பு காட்டிய ஒர்க்‌ஷாப்பில் ஏர் கன்னை வைத்து இஷ்டத்துக்கு அடித்திருந்தார்கள். அப்படி ஏற்றத்தாழ்வாக முடுக்கினாலும் டிஸ்க் கோணும். இப்போது 7,000 கிலோமீட்டர் ஆகிறது, உதறல் இல்லை.

குலசேகரம் குவாலிஸ்:
எனக்கு வந்தது வேறு மாதிரி. பேச்சிப்பாறைப் பக்கம் எஸ்டேட் ரோட்டில் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு இறங்குவேன். சோம்பலில் கியரைக் குறைக்காமல் இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே காலை வைத்து வந்து, கீழே செக்போஸ்டில் மிதித்தபடியே நின்றேன். கொதிக்கிற டிஸ்க்கில் பேடின் பொருள் அந்த இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டது. அடுத்த நாளிலிருந்து நடுக்கம். ஆளில்லாத ரோட்டில் 60-லிருந்து 20 வரை, முழுசாக நிறுத்தாமல், பத்துத் தடவை அழுத்திப் பிடித்துவிட்டு ஆறவிட்டேன். முக்கால்வாசி போய்விட்டது.

மீதி, பேடைப் பிடித்து அழுத்தும் காலிப்பர். அது நகர்கிற ஸ்லைடு பின்னின் ரப்பர் கிழிந்து தண்ணீர் போய் இறுகியிருந்தது. ஒரு பக்கத்து பேட் காகிதம் மாதிரி, மறுபக்கம் பாதிகூடத் தேயவில்லை. நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அந்த ரப்பரை வருஷத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள்.

களியக்காவிளை சாந்த்ரோ:
அண்ணே, என் வண்டி பிரேக் பிடிக்காமலேயே ஆடியது. 80 தாண்டினால் மட்டும். மார்த்தாண்டம் பாலத்தின் மேலே போனால் வரும், கீழ் ரோட்டில் வராது. கீழே எங்கே 80 தொடுவது? பள்ளத்தில் விழுந்து சக்கரத்தைச் சமன்செய்ய ரிம்மில் வைக்கும் பேலன்ஸ் வெயிட் கழன்று போயிருந்தது. நான் அதற்குள் பேட் மாற்றிவிட்டேன், அது வேறு கதை.

வடசேரி ஜென்:
ஸ்டீயரிங் ஆடாமல் சீட்டும் பெடலும் மட்டும் அதிர்ந்தால் பின் சக்கரத்து பிரேக் டிரம்மைச் சந்தேகப்படுங்கள். ஆளில்லாத மைதானத்தில் மெதுவாகப் போய், பட்டனை அமுக்கியபடியே ஹேண்ட்பிரேக்கை லேசாக இழுத்தேன். அதிர்வு வந்தது. டிரம் வட்டம் கெட்டிருந்தது.

இன்னொன்று, டிஸ்க்கை லேத்துக்குக் கொடுக்கும் முன் அதன் மேல் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் பாருங்கள். துரு மூடியிருக்கும், சுரண்டித்தான் படிக்க வேண்டும். கடைந்த பிறகு அந்த அளவுக்குக் கீழே போகுமென்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள். சூடு தாங்காது. ‘இன்னும் ஒரு தடவை ஓட்டலாம்’ என்று சொல்கிற ஆள் அந்த வண்டியில் உட்காரப்போவதில்லை.

லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர்) போன வண்டியில் டிஸ்க்கின் சின்னக் குறைகூடப் பெரிதாகத் தெரியும். முட்டம் அண்ணன் அதைப் பார்த்தீர்களா?

முட்டம் வேகன்ஆர்:
மெக்கானிக் பார்த்தார் தம்பி. இடது புஷ் வெடித்திருந்தது, அதையும் மாற்றினோம். இப்போது போன வாரத்திலிருந்து வலது பக்கம் திருப்பினால் மட்டும் ‘உர்’ என்று ஒரு சத்தம் வருகிறது. இடது வீல் பேரிங்காக இருக்குமா? யாருக்காவது வந்திருந்தால் சொல்லுங்கள், சனிக்கிழமை தக்கலை போகிறேன்.